பின்ன வையிங்க

எங்கள் வீட்டுப் புன்னை இப்போது என்னைவிட இரண்டு முழம் உயரம். படுக்கையறையின் மேற்கு ஜன்னலுக்கு நேரே, சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறது. நாலு மணி வெயில் உப்புக் குவியல்களில் பட்டு வெள்ளையாகத் திரும்பி, கண்ணைக் கூச வைத்தபடி வீட்டுக்குள் வரும். இப்போதெல்லாம் அது இந்த மரத்தைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. வந்து சேரும்போது பாதியாகக் குறைந்திருக்கிறது.

தூத்துக்குடி ஊர் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் மனை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளையடித்த சுவர் ஒரே வருடத்தில் பொரிந்து உதிரத் தொடங்கியது. தெருவில் தானாக வளர்வது சீமைக்கருவேலம் மட்டும்தான். குடிவந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பம். பிறக்கப்போகிற குழந்தைக்கு அந்த மேற்கு அறையைத்தான் ஒதுக்கியிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நிழலுக்கு ஒரு மரம் வேண்டும், அதுவும் இலை உதிர்க்காத மரம் வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

நான் சாத்தான்குளம் பக்கம். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். குழந்தை உண்டாகும்வரை பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி நான் சொல்லப்போகும் முட்டாள்தனத்துக்குப் படிப்பும் ஒரு காரணம்.

திருச்செந்தூர் சாலையில் ஒரு நர்சரிக்குப் போனேன். கன்றுகளின் நடுவே தடித்த, மெழுகு தடவியது போன்ற இலைகளோடு ஒன்று நின்றது. நடுநரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது: புன்னை. அதன் அறிவியல் பெயருக்கே அழகான இலை என்றுதான் பொருள். எங்கள் பக்கம் செம்மண்ணும் பனையும்தான். புன்னையை நான் அதுவரை புத்தகப் படத்திலும் கல்லூரியில் காய்ந்த மாதிரியாகவும்தான் பார்த்திருந்தேன்.

நர்சரி அண்ணாச்சி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, குட்டியானை வண்டியில் தென்னங்கன்றுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீடு உப்பளத்துக்குப் பக்கத்துல. இதக் கொண்டுபோயி இப்பமே வச்சிரலாமா?"

"உப்புத் தரையாம்மா? அப்பம் மத்தது ஒண்ணும் நிக்காது. பின்ன வையிங்க. கண்ண மூடிக்கிட்டு பின்ன வையிங்க."

இது 'பின்ன வாரேன்', 'பின்ன பாப்போம்' என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிற ஊர். எங்களுக்குப் 'பின்ன' என்றால் பிறகு. அவர் பிறகு வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் தாவரவியல் அந்த நொடியே அதற்கு ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தது: நல்ல மழை ஒன்று பெய்து தரையின் உப்பைக் கீழே இறக்க வேண்டும், பிறகுதான் கன்று பிடிக்கும். எவ்வளவு அனுபவம் இந்த மனிதருக்கு என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஏன் வைக்க வேண்டும் என்று மட்டும் ஆட்டோவில் திரும்பும்போது ஒரு நிமிடம் யோசித்தேன். கவலைப்படாதே என்பதை அப்படிச் சொல்கிறார் போலிருக்கிறது.

கன்றைக் கறுப்புப் பையோடு துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் மகள் பிறந்தாள். அடுத்த மழைக்காலம்வரை கன்று பைக்குள்ளேயே இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் என் கணவர் போகிறபோதும் வருகிறபோதும் கேட்பார்.

"இத எப்பந்தான் வைக்கப் போற?"

"உப்பு இறங்கட்டும். நர்சரில அப்படித்தான் சொன்னாவ."

"உப்பளத்துலயே உப்பு இறங்கிட்டுன்னா நாங்க எத ஏத்துமதி பண்ணுவோம்?"

இரண்டாம் வருடம் மழை நன்றாகப் பெய்தது. பிளேடால் பையைக் கீறியபோது உள்ளே வேர்கள் வெள்ளை வெளேரென்று இடியாப்பம் பிழிந்தது போல வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தன. எவ்வளவு ஆரோக்கியமான வேர்! படம் எடுத்து வேலையிலிருந்த கணவருக்கு அனுப்பினேன். வேர்ப்பந்தைக் கலைக்காமல் நட வேண்டும் என்று படித்திருந்தபடி அப்படியே குழிக்குள் இறக்கினேன். மகளுக்கு அப்போது ஒரு வயது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு பிடி மண்ணைப் போட்டாள், தன் வாயில்.

முதல் வருடம் அது மொத்தமே நான்கு இலைகள்தான் விட்டது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகளின் எடை அட்டையை ஒட்டியிருந்தேன். அதன் ஓரத்தில் புன்னையின் இலைக் கணக்கையும் பென்சிலால் எழுதி வந்தேன். இரண்டு கணக்கும் எனக்குக் கவலை தந்தன. தண்ணீர் அதிகமா, குறைவா? கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? சில நாட்களுக்கு ஒருமுறை வரும் மாநகராட்சித் தண்ணீரில் மகளைக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றினேன். பிறகு அதில் சோப்பு இருக்கிறதே என்று பயந்து, குளிப்பாட்டும் முன்பே ஒரு சொம்பை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

உப்புக் காற்றும் லாரித் தூசியும் இலைகளில் படிந்தால் ஈரத்துணியால் துடைப்பேன். அடுத்த வீட்டு அக்காவின் கண்ணில் அது பட்டுவிட்டது. அவர் மணப்பாட்டுக்காரர், கணவர் கப்பலில் வேலை. அவர் குசினி என்கிற சமையலறையின் ஜன்னலில் நின்றால் எங்கள் தோட்டம் முழுவதும் தெரியும்.

"என்ன டீச்சரு, அதுக்குப் பவுடரு போடலியா?"

"தூசி அடஞ்சா மூச்சு விடாதுக்கா."

"எங்கூர்ல கடலு தெறிக்கிற இடத்துல நிக்கும் இது. யாரு போயி தொடச்சா? நாங்க காய்ப் பொறுக்கி கோலி வெளையாடுவோம், அவ்வளவுதான். நீ தொடச்சுத் தொடச்சு அதப் பயந்தாங்கொள்ளி ஆக்கிராத."

மகளையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. அன்றோடு துடைப்பதை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் அந்த மரத்தைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அதற்குமுன் வெறுமனே சோதித்துக்கொண்டிருந்தேன். உப்புக் காற்று வீசிய வாரத்தில் என் செம்பருத்தியின் இலை ஓரமெல்லாம் கருகும். புன்னையின் மெழுகு மேல் உப்பு வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்திருக்கும். ஒரு தூறலில் வழிந்து போகும். உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. கிளை நுனிகளில் துரு நிறத்தில் பூனைமயிர் போர்த்திய மொட்டு இருக்கும். நாள்கணக்கில் அப்படியே இருந்துவிட்டு, ஒரு காலை திடீரென்று கைகூப்பியதைப் பிரித்தது போல இரண்டு இலைகளாக விரியும். எப்போதும் இரண்டு இரண்டாக, எதிரெதிராக. அடுத்த ஜோடி இதற்குக் குறுக்காக வரும், ஒன்றின் வெயிலை மற்றது மறைக்காமல். பழைய இலை விழாமலில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று யாருக்கும் சொல்லாமல் விழும். மரம் எப்போதும் முழுதாகவே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு உடைக்கிற எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

மகளுக்கு நாலு வயது ஆகப்போகும்போது அது என் தோள் உயரம் வந்துவிட்டது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு நிழல் இருந்தது. நாற்காலியின் சொந்தக்காரி அவள்.

அந்தப் புரட்டாசியில் கறிவேப்பிலைக் கன்று வாங்க அதே நர்சரிக்குப் போனேன். அண்ணாச்சிக்கு என்னை நினைவில்லை. உப்பளத்து வீடு என்றதும் ஞாபகம் வந்தது.

"அந்தப் பின்ன எப்படிம்மா இருக்கு?"

"எந்தப் பின்ன அண்ணாச்சி?"

"எங்கிட்ட வாங்குனியள்லா, பின்னக் கன்னு."

"அது புன்னல்லா."

"நீங்க புத்தகத்துல புன்னம்பிய. நாங்க பின்னம்போம். எல்லாம் ஒண்ணுதான்."

 இரண்டாம் மழைக்குத்தான் நட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஏன்?"

"நீங்கதான பின்ன வையிங்கன்னிய."

அவர் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கன்றுகளுக்கு மண் கலந்துகொண்டிருந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். "ஏளா, கேட்டியளா? பின்ன வையிங்கன்னு சொன்னம்லா, அம்மா ஒண்ணர வருசம் கழிச்சு வச்சிருக்காவ!" நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது.

"ஒண்ணர வருசம் கவருக்குள்ளயா இருந்துது? வைக்கும்போது வேரக் கீறிவிட்டியளா?"

"இல்ல. கலைக்கக் கூடாதுன்னு..."

"அப்பம் அது உள்ளயே சுத்திருக்கும். மரம் பருக்கப் பருக்க வேரும் பருத்துத் தன் கழுத்தத் தானே நெரிக்கும். சிலது அதோட நிக்கும். சிலது நல்லா வளந்து, ஒரு காத்துல அடியோட சாஞ்சிரும். எங்கன வச்சிருக்கிய?"

"பிள்ள ரூம் ஜன்னலுக்கு முன்னால."

 அவர், முதல் மழை பெய்து மண் இளகியதும் அடியைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். சுற்றிய வேர் இருந்தால் வெட்டலாம். அதுவே தாய்வேராக இருந்தால் வெட்டியதும் மரம் போய்விடலாம் என்றும் சொன்னார். பாதிக்குப் பாதி.

கறிவேப்பிலைக் கன்றை வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

அந்த மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் மரத்துக்கா இவ்வளவு என்பார்கள். தோண்டினால் நன்றாக வளர்கிற ஒன்றை என் கையாலேயே கொல்வேனோ? தோண்டாவிட்டால் பத்து வருடம் கழித்து ஒரு மார்கழிக் காற்றில் அது என் மகளின் ஜன்னல் மேல் விழுமோ? இன்னும் தள்ளிப்போட்டால் வேர் இன்னும் தடிக்கும். 'பின்ன பாப்போம்' என்று எனக்குள் ஒரு குரல் எழும்போதெல்லாம் உடம்பு கூசியது.

"வளருததப் போயி ஏன் ஏளா தோண்டுத?" என்றார் கணவர். "நல்லாருக்க பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன மாதிரி."

அது குத்தல். மகளுக்கு ஒன்றரை வயதில் இன்னும் பேசவில்லையே என்று மூன்று மருத்துவர்களிடம் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். மூன்று பேருமே பிறகு பேசுவாள் என்றுதான் சொன்னார்கள். பேசினாள். இப்போது நிறுத்துவதில்லை.

அடுத்த வீட்டு அக்கா சுருக்கமாக முடித்துவிட்டார். "செத்தா செத்துட்டுப் போவுது. எங்கூர்லருந்து சாக்கு நெறைய காய் கொண்டாரேன். நீ முடிவு பண்ணித் தொலை டீச்சரு, பாக்க எனக்குத் தலவலிக்கி."

முடிவு செய்ய உதவியது நான் பெருமையாக எடுத்த அந்தப் படம்தான். போனில் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். வெள்ளை வட்டங்களின் நடுவே ஒன்று மட்டும் தடியாக, முழுச் சுற்றாகச் சுற்றித் தன் தலையைத் தானே தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அது என் போனில் இருந்திருக்கிறது. தோட்டத்துக்குப் போய் மரத்தின் அடியைப் பார்த்தேன். மற்ற மரங்கள் மண்ணைத் தொடும் இடத்தில் பாவாடை விரித்தது போல அகலும். இது ஒரு பக்கம் அகலாமல் நட்ட கம்பு போல நேரே உள்ளே இறங்கியது.

ஐப்பசியில் இரண்டு மழை பெய்த பின் ஒரு சனிக்கிழமை காலை தோண்டினோம். மகளை அடுத்த வீட்டில் விட்டோம். பத்தே நிமிடத்தில் அக்காவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடப்பாரை வேண்டாம் என்று களைக்கொத்தியாலும் கையாலும் மண்ணை எடுத்தேன். கணவர் குழாயால் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஒரு சாணுக்குக் கீழே அது தெரிந்தது: என் பெருவிரல் தடிமனில் ஒரு வேர், இன்னும் அந்தக் கறுப்புப் பைக்குள் இருப்பது போலவே வட்டமாக, அடிமரத்தை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு. பை போய் மூன்று வருடம். வேருக்கு அது தெரியவில்லை.

ஆனால் அதற்குக் கீழே, நான் எதிர்பார்க்காதது: வட்டத்திலிருந்து தப்பிய வேர்கள். சுண்டுவிரல் தடிமனில் நாலைந்து, கடற்பக்கமும் சுவர்ப்பக்கமும் கிளைத்து, உவர் மண்ணுக்குள் நேராகப் போயிருந்தன. என் தவறுக்குள்ளிருந்தே அது வழி தேடியிருக்கிறது. நான் இலை துடைத்துக்கொண்டிருந்த நாட்களில் கீழே இந்த வேலை நடந்திருக்கிறது. 

"அப்பம் வெட்டாம மூடிருவமா?" என்றார் கணவர், என் முகத்தைப் பார்த்து.

"இல்ல" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சின்ன ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்தேன். வளையம் கையோடு வந்தது. வெட்டிய இடத்தில் மஞ்சள் நிறப் பால் கசிந்தது. மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அழுவுதா?" என்று கேட்டாள். "இல்லட்டி, மூக்கு ஒழுவுது" என்றார் அக்கா.

மண்ணை மூடி, இரண்டு கம்பு நட்டு, பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தளர்வாகக் கட்டினேன். பத்து நாளில் கீழ் இலைகள் மஞ்சளாயின. பிறகு தினமும் மூன்று, நான்கு என்று விழுந்தன. யாருக்கும் சொல்லாமல் ஒவ்வொன்றாக உதிர்க்கும் மரம் இப்போது எல்லோருக்கும் தெரிய உதிர்த்தது. நுனி மொட்டுகள் அசையவில்லை. இலைக் கணக்கை எழுதுவதை நிறுத்தினேன்.

மார்கழியில் நாலு நாள் விடாத மழையும் காற்றும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஐந்தாம் நாள் காலை மழை வெறித்தபோது வெளியே வந்து பார்த்தேன். அக்கா வீட்டு முருங்கை மதில்மேல் கிடந்தது. எதிர் மனையில் ஒரு பெரிய சீமைக்கருவேலமே வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்திருந்தது. புன்னை கலங்கிய தண்ணீருக்குள் நேராக நின்றது, சேலைக் கிழிசல் கொடி போல ஒட்டிக்கொண்டிருக்க. தண்ணீரில் இறங்கிப் போய் அடிமரத்தைப் பிடித்து, ஆடுகிற பல்லைச் சோதிப்பது போல அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

நிற்கிறது, சரி. உயிரோடு நிற்கிறதா? அதை அறியத் தை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொங்கல் முடிந்து பள்ளி திறந்த நாள். மகளுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அம்மா, அது வாயத் தொறந்திருக்கு" என்றாள். ஒற்றைச் சாக்ஸோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உச்சி மொட்டு பிரிந்து, இளஞ்சிவப்பில் இரண்டு குட்டி இலைகள், எதிரெதிராக. அதற்குக் கீழே நான்கு கிளை நுனிகளிலும் மொட்டுகள் உப்பியிருந்தன. அன்று பள்ளி வேனைத் தவறவிட்டோம்.

வேர் வளையத்தை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அண்ணாச்சி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இருந்திருந்தா இந்தக் காத்துக்கு விழுந்திருக்குமா அண்ணாச்சி?"

"விழுந்தாலும் விழுந்திருக்கும்."

"விழாமலும் இருந்திருக்குமா?"

"நின்னாலும் நின்னிருக்கும். பின்னல்லாம்மா, அது லேசுப்பட்ட மரமா?"

எது சரி என்று எனக்கு இனி தெரியப்போவதில்லை. வேறு எதிலாவது இப்படி ஒரு பதில் கிடைத்திருந்தால் அதை மாதக்கணக்கில் உருட்டியிருப்பேன். அன்று பேருந்தில் வரும்போது மரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அவசரமும் தாமதமும் இரண்டுமே அதன்மேல் விழுந்தன. இரண்டையும் வாங்கிக்கொண்டு அது வளர்ந்திருக்கிறது.

அந்த வளையம் இப்போது மகளின் பேருந்து ஸ்டியரிங். புன்னையின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் மாலை திருச்செந்தூருக்குப் பேருந்து ஓட்டுகிறாள். போன வாரம் வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இது எப்பம் பூக்கும்?"

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பின்ன" என்றேன்.

"அது பின்னதான். எனக்குத் தெரியும். எப்பம் பூக்கும்னுதான் கேக்கேன்."

கையிலிருந்த ஈரத் துணியோடு மரத்தின் உச்சியைப் பார்த்தேன். அடுத்த ஜோடி விரியத் தயாராக இருந்தது. எத்தனை வருடம் ஆகும் என்று படித்திருக்கிறேன். ஆனால் இந்த மரத்துக்கு, இந்த மண்ணில்?

"தெரியல மக்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.